எலும்புப் பிடி பேனாக்கத்தி: வாங்கும் முன், தீட்டும் முன், மலையேறும் முன்

என்னுடைய முதல் பேனாக்கத்தியில் எறும்பு மொய்த்தது. இரண்டாவதை ஒரு செக்போஸ்ட் மேசையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் விளக்கம் சொன்னேன். மூன்றாவதுதான் இப்போது சட்டைப் பையில் கிடக்கிறது, நாலு வருடமாக. தேனி மாவட்டம் கம்பத்தில் கொஞ்சம் திராட்சை, மேலே கேரளத்து வண்டன்மேடு பக்கம் கொஞ்சம் ஏலம் என்று மாநிலத்துக்கு ஒரு காலை வைத்துப் பிழைப்பவன் நான். வாரத்துக்கு மூன்று நாளாவது மலையேறி இறங்க வேண்டும். புதிதாகத் தோட்டத்துக்கு வருகிறவர்கள் என் கத்தியைப் பார்த்துவிட்டு, "இது எங்கண்ணே வாங்குனீங்க?" என்று கேட்கிறார்கள். எங்கே வாங்கினேன் என்பது கடைசிக் கேள்வி. அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

1. என்ன வேலைக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பேனாக்கத்தி அருவாளின் குட்டி இல்லை. உர மூட்டையின் தையலைப் பிரிக்க, சொட்டுநீர்க் குழாயை நறுக்க, குலையின் காம்பை அறுக்க, பந்தலில் கொடி கட்டிய சணலை வெட்ட, மதியம் மாங்காய் கீறி உப்புத் தொட்டுக்கொள்ள. இவ்வளவுதான் அதன் வேலை. இளநீர் சீவ ஆகாது. மருந்து டப்பாவின் மூடியை நெம்ப ஆகவே ஆகாது, முனை சட்டென்று ஒடிந்து தெறிக்கும்.

இந்த வேலைக்கு அலகு 7 முதல் 8 சென்டிமீட்டர் போதும். மடக்கினால் 10 சென்டிமீட்டர், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒரே அலகு உள்ளதை வாங்குங்கள். மூன்று அலகு, ஒரு திருப்புளி, ஒரு பாட்டில் ஓப்பனர் என்று வருவதெல்லாம் சுற்றுலாப் போகிறவர்களுக்கு. ஒட்டுக்கட்டும் வேலை உண்டென்றால் அதற்குத் தனிக் கத்தி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அலகின் ஒரு பக்கம்தான் சரிவு இருக்கும். சாக்கு அறுத்த கத்தியால் ஒட்டுக் கட்டினால் வெட்டுவாய் பிசிறடிக்கும்.

2. பிடி எந்த மிருகத்தினுடையது என்று கேளுங்கள்

இதைத்தான் நான் கேட்காமல் விட்டேன். விற்கிறவர்கள் எலும்பு, எருமைக் கொம்பு, மான் கொம்பு, தந்தம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். உங்களுக்கு இவை நாலும் வேறு வேறு.

மாட்டு எலும்பு, எருமை எலும்பு, ஒட்டக எலும்பு: இவற்றில் வனச்சட்டத் தொல்லை இல்லை. ஆன்லைனில் வரும் எலும்புப் பட்டைகளில் (பிடியின் இரண்டு பக்கமும் பொருத்தும் துண்டுகள்) பல உத்தரப் பிரதேசத்துச் சம்பல் ஊரிலிருந்து வருபவை. அங்கே கொம்பு, எலும்பு வேலை பெரிய தொழில். எலும்பைக் கையில் எடுத்தால் பிளாஸ்டிக்கைவிடச் சில்லென்று, கனமாக இருக்கும். பிடியின் நுனியை வெளிச்சத்தில் பார்த்தால் ஊசி குத்தியது போலச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும், பக்கவாட்டில் அதே புள்ளிகள் மெல்லிய கோடுகளாக ஓடும். ரத்தம் ஓடிய வழிகள் அவை. வழுவழுவென்று ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

எருமைக் கொம்பு: இதுவும் சரிதான், ஆனால் எலும்பு இல்லை. நகம், முடி எதனால் ஆனதோ அதனால் ஆனது. ஓரத்தை வெயிலில் பிடித்தால் லேசாக ஒளி ஊடுருவும். வெயிலில் வளையும், அடுக்கு அடுக்காகப் பிரியும், பூச்சி அரிக்கவும் செய்யும். கையில் வழுக்காது என்பதால் சிலருக்கு இதுதான் பிடிக்கும்.

மான் கொம்பு: வேண்டாம். புள்ளிமான், மிளா (மலையில் ம்லாவு என்பார்கள்) எதன் கொம்பானாலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். "இது தானா உதிர்ந்த கொம்பு சார்" என்று சொல்லி விற்பார்கள். உதிர்ந்தது என்பது சாக்கு ஆகாது. தந்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சிக்கல் எங்கே என்றால், மாட்டு எலும்பில் பள்ளம் பள்ளமாகக் கொத்தி, பழுப்புச் சாயம் ஏற்றி, மான் கொம்பு போலவே செய்வார்கள். கைக்கு நல்ல பிடிமானம் தரும் வேலைதான் அது, குற்றம் ஒன்றும் இல்லை. வித்தியாசம் கண்டுபிடிக்க இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கொத்திய எலும்பில் பள்ளங்கள் ஏறக்குறைய ஒரே ஆழம், ஒரே இடைவெளி. நிஜ மான் கொம்பு மரப்பட்டை மாதிரி கன்னாபின்னா என்று இருக்கும், வெட்டிய நுனியில் உள்ளே பஞ்சு போன்ற துளைகள் தெரியும்.

பிளாஸ்டிக்கா என்று தெரிய ஊசியைச் சூடாக்கி வெளியே தெரியாத ஓர் இடத்தில் தொடுங்கள். பிளாஸ்டிக் என்றால் ஊசி இறங்கும், மருந்து வாடை அடிக்கும். எலும்பு என்றால் இறங்காது, முடி பொசுங்கிய வாடை வரும். விற்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எறும்புக் கதை இதுதான். என் முதல் கத்திக்குப் பிடி போட்டவர் எலும்பிலுள்ள கொழுப்பைச் சரியாக எடுக்கவில்லை. வாங்கும்போதே லேசாக மக்கிய வாடை இருந்தது, பட்டறை வாடை என்று நினைத்துக்கொண்டேன். இரவு ஜன்னல் ஓரம் வைத்தால் காலையில் கறுப்பு எறும்பு வரிசை கட்டியிருக்கும். பிடியில் மஞ்சள் திட்டு இருந்தால், மூக்கருகே கொண்டுபோனால் வாடை வந்தால், வாங்காதீர்கள். கொழுப்பு எடுத்த எலும்புக்கு வாடையே கிடையாது. அதே சமயம் பல் தேய்த்தது போலப் பளீர் வெள்ளையும் வேண்டாம். பிளீச்சிங் பவுடர் போட்டு வெளுத்த எலும்பு உள்ளுக்குள் பலமிழந்து பொரிந்துபோகும்.

3. கடையில் நின்றபடியே ஐந்து நிமிடச் சோதனை

மடக்கிய கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். உள்ளே இருக்கும் பித்தளைத் தகட்டுக்கும் எலும்புக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் அங்கேதான் தண்ணீர் தங்கும்.

அலகில் உள்ள நகக்குழியில் நகத்தை வைத்துத் திறங்கள். அலகு பாதியில் தொங்கக் கூடாது. முழுதாகத் திறந்ததும் "டக்" என்று உட்கார வேண்டும். அந்தச் சத்தம்தான் முதுகில் ஓடும் எஃகுப் பட்டைக்கு விறைப்பு இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. இந்தக் கத்திகளில் பூட்டு கிடையாது, பட்டையின் அழுத்தம் மட்டுமே அலகைப் பிடித்து நிற்கிறது. அதனால் குத்தி அழுத்தும் வேலை செய்யாதீர்கள், அலகு விரல்மேல் மடங்கிவிடும். திறந்தபின் அலகைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஆணி இளகியிருக்கிறது. மடக்கும்போது அலகின் கூர்வாய் உள்பட்டையில் மோதுகிறதா என்றும் பாருங்கள். மோதினால் நீங்கள் எத்தனை தீட்டினாலும் அந்த ஓர் இடம் மழுங்கியே கிடக்கும்.

ஆணி இருக்கும் இடத்தைச் சுற்றி எலும்பில் தலைமுடி அளவு விரிசல் இருக்கிறதா? சுத்தியல் ஓர் அடி கூடுதலாக விழுந்தால் வருவது அது. நகத்தால் வருடினால் தட்டுப்படும்.

கறுக்கும் எஃகா, கறுக்காத எஃகா? எனக்குக் கறுப்பதுதான் பிடிக்கும். தீட்டுவது சுலபம். ஆனால் மழையில் நனைந்து அப்படியே போட்டுவிடுகிற ஆள் நீங்கள் என்றால் எவர்சில்வர் அலகே வாங்கிக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

4. எங்கே, எவ்வளவு, எத்தனை நாள்

பட்டறையில் சொல்லிச் செய்வது, கடையில் வாங்குவது என்று இரண்டு வழி. அருவாளும் களைக்கொத்தும் அடிக்கிற எல்லா ஆசாரிக்கும் மடக்குக் கத்தி கைவராது. முதுகுப் பட்டைக்கு விறைப்புக் கொடுப்பது தனிக் கை. முன்னால் செய்ததில் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட ஒன்றும் இல்லையென்றால் அருவாளை மட்டும் அவரிடம் வாங்குங்கள்.

எனக்கு ஆன செலவைச் சொல்கிறேன், உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கும். லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அலகு அடித்து, கூட்டிப் பொருத்தியதற்கு ஆசாரி 900 ரூபாய் வாங்கினார். எலும்புப் பட்டை ஒரு ஜோடி நானே வரவழைத்துக் கொடுத்தேன், 350 ரூபாய், கூரியர் தனி. ஜோடியாக வாங்கும்போது கூடவே ஒரு ஜோடி அதிகம் வாங்கிவிடுங்கள். துளை போடும்போது ஒன்று கட்டாயம் பிளக்கும். எனக்கு இரண்டு பிளந்தது. அப்புறம், எலும்பை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் பறக்கும் தூள் நெஞ்சுக்கு ஆகாது. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவரும் மூக்கைக் கட்டிக்கொள்வது நல்லது.

பத்து நாள் என்று சொன்னார், இருபத்தாறு நாள் ஆனது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது, நான் போன நேரம் முதல் போக நெல் அறுப்புக்கு முந்தைய வாரம். கதிர் அருவாளும் அரமுமாகப் பட்டறை நிரம்பியிருந்தது. பள்ளத்தாக்கில் அறுப்பு முடிந்து கூட்டம் ஓய்ந்த பிறகு போங்கள். முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

5. பில்லும் மற்ற தாள்களும்

என் இரண்டாவது கத்தி, கடையில் வாங்கியது. கொத்திய எருமை எலும்புப் பிடி, பார்க்க அழகு. கடைக்காரர் பெருமையாக பில்லில் "மான்கொம்பு மாடல் கத்தி" என்று எழுதிக் கொடுத்தார். நானும் மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு செக்போஸ்ட்டில் (எது என்று சொல்லப்போவதில்லை) பையைப் பார்த்தவர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாதாரண எலும்பு சார், பில்லே இருக்கு" என்று பர்ஸைத் திறந்தேன். அவர் வாசித்தார். "மான்கொம்புன்னுதானே எழுதியிருக்கு?" என்றார். கையில் இருந்த ஒரே சாட்சி எனக்கு எதிராகத் திரும்பிவிட்டது. கடைக்காரருக்குப் போன் போட்டு, அவர் பேசி, வேறொருவர் வந்து நுனியிலுள்ள புள்ளிகளைப் பார்த்து, ஒருவழியாக அனுப்பினார்கள். அதற்குள் கூலி ஆட்களை ஏற்றி வந்த ஜீப் கிளம்பிப் போய்விட்டது. அன்றைக்கு வேலை போச்சு.

எனவே பில்லில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: "விவசாய உபயோக மடக்குக் கத்தி, அலகு 7.5 செ.மீ., பிடி எருமை எலும்பு." பட்டறையில் பில் கிடையாது என்றால் ஒரு வெள்ளைத் தாளில் ஆசாரி கையெழுத்தோடு வாங்குங்கள். கூடவே நிலத்துக்கான ஒரு தாள்: தமிழ்நாட்டுப் பக்கம் பட்டா அல்லது சிட்டா நகல், கேரளப் பக்கம் கரம் (நிலவரி) அடைத்த ரசீது. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். இவை லைசென்ஸ் இல்லை. நீங்கள் சொல்வதை நம்புவதற்கு எதிரே இருப்பவருக்கு ஒரு காரணம் கொடுக்கின்றன, அவ்வளவுதான்.

லைசென்ஸே வேண்டுமா என்று கேட்பீர்கள். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின் அட்டவணை 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் சொல்கிறது. அதிலும் வீட்டு வேலை, விவசாய வேலைக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. நம் கத்தி மூன்று அங்குலம். ஆனால் இதை வைத்துக்கொண்டு வாக்குவாதம் செய்யாதீர்கள். பட்டன் அழுத்தினால் பாயும் கத்தி வேண்டவே வேண்டாம். அதை வைத்துக்கொண்டு "விவசாயம்" என்றால் சிரிப்பார்கள்.

மூன்று சமயங்களில் கத்தியை வீட்டிலோ தோட்டத்துக் கொட்டகையிலோ வைத்துவிட்டு வாருங்கள்.

தடை உத்தரவு, தேர்தல் நேரம். 144 என்று நாம் சொல்லிப் பழகியது 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 163-வது பிரிவு. பெயர்தான் மாறியது.

சபரிமலை சீசன். கார்த்திகை, மார்கழியில் குமுளிப் பாதையில் ஐயப்பன்மார் வண்டி நிரம்பி, கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். சோதனையும் கூடும், நேரமும் கூடும்.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாது. சரணாலயத்துக்குள் முன் அனுமதி எழுத்தில் வாங்காமல் ஆயுதத்தோடு நுழையக் கூடாது என்கிறது வனவிலங்குச் சட்டத்தின் 31-வது பிரிவு. அந்தச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்கான பட்டியலில் கத்தியும் இருக்கிறது. அங்குலக் கணக்கு அங்கே கிடையாது. தேக்கடியில் விருந்தாளிகளைப் படகுக்குக் கூட்டிப்போகும்போதும், மேகமலைப் பக்கம் போகும்போதும் பையைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். விமானம் ஏறுவதென்றால் கைப்பையில் வைக்காமல் உள்ளே போடும் பெட்டியில் வையுங்கள்.

6. தீட்டுவது

தெருவில் மோட்டார் சக்கரம் வைத்துச் சாணை பிடிப்பவரிடம் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். பொறி பறந்தது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. திருப்பி வாங்கும்போது முனையிலிருந்து ஒரு விரல் தூரத்துக்கு அலகு நீலம் பாய்ந்திருந்தது. எஃகு ஏறக்குறைய 300 டிகிரி சூடேறினால் வரும் நிறம் அது. அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு காலையில் தீட்டினால் பத்து மணிக்கு மழுங்கிவிடும். எறும்பு மொய்த்த கத்தியின் கதை அதோடு முடிந்தது.

ஹார்டுவேர் கடையில் இருபுறமும் உள்ள சாணைக்கல் கிடைக்கும், ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ். கல்லை நனையுங்கள், பிடியை நனைக்காதீர்கள். அலகைக் கல்லின்மேல் படுக்கவைத்து, முதுகை அலகு அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குத் தூக்குங்கள். அகலம் 15 மில்லிமீட்டர் என்றால் 5 மில்லிமீட்டர். அது ஏறக்குறைய 20 டிகிரி சரிவு, தோட்ட வேலைக்குச் சரியான சரிவு. அந்தச் சரிவு மாறாமல், கல்லை மெல்லிசாகச் சீவப்போவது போல முன்னுக்குத் தள்ளுங்கள். ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கம் விரலுக்குப் பிசிறு தட்டுப்படும். தட்டுப்பட்டதும் மறுபக்கத்துக்கு மாறுங்கள். பிசிறு வராமல் மாறினால் நாள் முழுக்கத் தீட்டினாலும் கூர் வராது. கடைசியில் பழைய பெல்ட்டின் உட்புறத்தில் பின்னோக்கிப் பத்து இழுப்பு. செய்தித்தாளை ஒற்றையாகத் தொங்கவிட்டு, சத்தமில்லாமல் அறுந்தால் போதும்.

முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும். பழகிவிட்டால் பத்து நாளைக்கு ஒருமுறை ஐந்து நிமிடம்.

7. தினமும் மாலையில்

துடையுங்கள். அவ்வளவுதான். வாழைக்கறையும் மாங்காய்ப் பாலும் பட்டு அலகு கறுக்கும், அந்தக் கறுப்பு நல்லது, சிவப்புத் துருவைத் தள்ளிவைக்கும். சாம்பல் போட்டுத் தேய்த்து வெள்ளையாக்காதீர்கள்.

மருந்தடிக்கிற நாளில் மட்டும் கவனம். போர்டோ கலவைக்கு மயில்துத்தம் கரைத்த வாளியைக் கத்தியால் கிண்டிய ஆளை நான் பார்த்திருக்கிறேன். வெளியே எடுத்தபோது அலகு செம்பு பூசியதுபோலச் சிவந்திருந்தது. நிஜமாகவே செம்புதான் அது. துத்தத்திலிருக்கும் செம்பு எஃகின்மேல் படிய, எஃகு கரைந்துபோகும். மலையில் துத்தத்தைத் துருசு என்பார்கள், தெரியாமல் வேறு எதுவோ என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கத்தியால் அப்புறம் மாங்காயும் கீறக் கூடாது.

மூட்டுக்கு வாரம் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய். நல்லெண்ணெய் வேண்டாம், கொஞ்ச நாளில் பிசுக்கேறி அலகு திறக்காது. தேங்காய் எண்ணெய் கீழே சரி, மார்கழிக் குளிரில் வண்டன்மேட்டில் உறைந்துபோகும்.

எலும்புக்கு இரண்டு எதிரி: ஊறவைப்பதும் காயவைப்பதும். தொட்டித் தண்ணீரில் போட்டுவிட்டு, பிறகு பைக் டேங்க் கவரில் வெயிலில் வைத்தால் ஒரே வாரத்தில் கோடு விடும். மாதம் ஒருமுறை துணியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுப் பிடியைத் துடையுங்கள். பல வருடம் கை பட்டால் எலும்பு தேன் நிறத்துக்கு வரும், அதைத் தேய்த்து வெளுக்க நினைக்காதீர்கள்.

கை அறுபட்டால் (அறுபடும்) நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, காயம் ஆழமென்றால் அன்றைக்கே டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மண்ணும் எருவும் பட்ட கத்தி அது.

8. வீட்டில் பழைய கத்தி இருந்தால்

வாங்கும் முன் பரணையும் பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். எஸ்டேட் வேலைக்குப் போனவர்களின் வீடுகளில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு முத்திரை போட்ட பேனாக்கத்திகள் இன்னும் கிடக்கின்றன. அலகின் அடியில், மடியும் இடத்துக்குப் பக்கத்தில் எழுத்து இருக்கும். எழுத்தை மட்டும் நம்பி விலை கொடுத்து வாங்காதீர்கள், முத்திரை குத்துவது யாருக்கும் கஷ்டமில்லை. சொந்த வீட்டுக் கத்தி என்றால் முத்திரை எதற்கு?

துருவேறி திறக்க மறுத்தால் பலமாக இழுக்காதீர்கள். மூட்டில் மட்டும், எலும்பில் படாமல், குச்சி நுனியால் மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு இரவு முழுக்க வையுங்கள். மறுநாள் மெதுவாக ஆட்டினால் கறுப்புக் குழம்பாகத் துரு வெளியே வரும். இதை நாலைந்து நாள் செய்ய வேண்டியிருக்கும். எலுமிச்சை, வினிகர் எதுவும் வேண்டாம், துருவோடு எலும்பும் கரையும்.

பிடியில் முடிக்கோடு விரிசல் இருந்தால் பிடியையே மாற்ற வேண்டியதில்லை. நன்றாகக் காயவிட்டு, தண்ணீர் மாதிரி ஓடுகிற ஃபெவிக்விக் ஒரு சொட்டை விரிசலின் ஓரத்தில் வையுங்கள். கோடு வழியாக அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். அலகின் பக்கம் வழிந்துவிடாமல் முன்னாலேயே ஒரு காகிதத்தைச் சொருகிவையுங்கள். நான் சொருகவில்லை, பெரியப்பா கத்தி இரண்டு நாள் திறக்கவே இல்லை. ஒரு ராத்திரி காய்ந்ததும் 600 நம்பர் உப்புத்தாளை நனைக்காமல் லேசாக ஓட்டினால் கோடு இருந்த இடம் கைக்குத் தெரியாது, கண்ணுக்கு மட்டும் தெரியும்.